நுரைக்கும் ஒரு பதம் உண்டு

முகச்சவரத்தில் தோலைக் காப்பது நுரையின் உயரமன்று, அதன் வழுவழுப்பு. ஒரு கிண்ணம் நல்ல நீரும் சற்றுப் பொறுமையும் இருந்தால் அதை எவரும் பெறலாம்.

முகச்சவரப் பொருள்களின் விளம்பரங்களில் ஒரு காட்சி மாறாமல் வருகிறது. கன்னமும் மோவாயும் தெரியாதபடி வெண்ணுரை பஞ்சுப் பொதிபோல் குவிந்திருக்கும். அதன்மீது ரேசர் ஒரே இழுப்பில் பாதை போட்டுச் செல்லும். இக்காட்சியைப் பார்த்துப் பழகிய நாம், நுரை எவ்வளவு உயரமாக நிற்கிறதோ அவ்வளவு நல்லது என்று நம்பிவிடுகிறோம். குளியலறையில் நடப்பதோ வேறு. முகம் நிறைய நுரை இருந்தும் பிளேடு பிடித்து இழுக்கிறது, கழுத்து எரிகிறது, மறுநாள் சிறு சிறு சிவந்த பருக்கள் தோன்றுகின்றன. பழி பெரும்பாலும் பிளேடின்மீது விழுகிறது. அடுத்த மாதம் இன்னும் விலையுயர்ந்த ரேசரை வாங்குகிறோம். எரிச்சல் மட்டும் மாறுவதில்லை.

பல வேளைகளில் குறை நுரையில்தான் இருக்கிறது. பிளேடின் விளிம்புக்கும் தோலுக்கும் இடையே நிற்பது நுரையின் அடியிலுள்ள மிக மெல்லிய படலம் மட்டுமே. மேலே குவிந்திருப்பதில் பெரும்பகுதி காற்று. பிளேடு தோலைத் தொட்டு நகரும்போது காற்றுக் குமிழிகள் உடைந்து விலகிவிடுகின்றன. எஞ்சி நிற்கும் சோப்பும் நீரும் கலந்த படலமே அதை வழுக்கிச் செல்ல விடுகிறது. அப்படலத்தில் நீர் குறைவாக இருந்தால் நுரை பார்வைக்குக் கெட்டியாகவும் அழகாகவும் இருக்கும். பிளேடுக்கோ அது பசையாக இருக்கும். நம்மில் பெரும்பாலோர் செய்யும் நுரையில் குறைவது நீரே.

இளந்தோலுக்குச் சிறு எரிச்சல் பெரிய செய்தியன்று. நீரிழிவு உள்ளவர்களுக்கும், வயது முதிர்ந்து தோல் மெலிந்தவர்களுக்கும், சுருள்முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளரும் தொல்லை உடையவர்களுக்கும் அது அப்படியன்று. ஒரு சிறு கீறல் ஆறுவதற்குப் பல நாள்கள் ஆகலாம். ஆகவே இந்தப் பழைய கலையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயனுள்ளது.

குளியல் சோப்பு ஏன் போதாது?

கொழுப்பும் காரமும் சேர்ந்து உருவாவது சோப்பு. சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, சேர்த்தால் கெட்டியான சோப்பு கிடைக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் மென்மையான, நீரில் விரைந்து கரையும் சோப்பு கிடைக்கும். குளியல் சோப்புக் கட்டிகள் முதல் வகையைச் சேர்ந்தவை. ஷேவிங் கிரீம்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. வட்டக் கட்டியாக விற்கப்படும் ஷேவிங் சோப்புகள் பலவற்றில் இரண்டு காரங்களும் கலந்திருக்கும்.

கொழுப்பிலும் வேறுபாடு உண்டு. தேங்காயெண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் பெரிய குமிழிகளை உடனே எழுப்பும். அவை அதே விரைவில் அடங்கியும் விடும். ஸ்டியரிக் அமிலம் நுண்ணிய, நெருக்கமான, நெடுநேரம் நிலைத்து நிற்கும் நுரையைத் தருகிறது. நல்ல ஷேவிங் சோப்பின் உறையில் உள்ள பொருள் பட்டியலில் ஸ்டியரிக் அமிலமோ பொட்டாசியம் ஸ்டியரேட்டோ முதல் இடங்களில் இருப்பதன் காரணம் இதுவே. உடன் சேர்க்கப்படும் கிளிசரின் நீரைப் பிடித்து வைத்து, நுரை முகத்தில் உலர்ந்து போகாமல் காக்கிறது. குளியல் சோப்பின் வேலை அழுக்கையும் எண்ணெயையும் நீக்கிவிட்டு உடனே கழுவப்பட்டுப் போவது. ஷேவிங் சோப்போ முகத்தில் தங்கி நிற்க வேண்டியது. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்க்க இயலாது.

அழுத்திய உடன் நுரை பொங்கும் தகர டப்பாக்கள் 1949இல் அமெரிக்காவில் 'ரைஸ்' என்ற பெயரில் அறிமுகமாயின. வசதியானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் நீரின் அளவைத் தொழிற்சாலையே முடிவு செய்துவிடுகிறது. நம் முகத்துக்கும் நம் ஊர்த் தண்ணீருக்கும் ஏற்ப மாற்ற வழியில்லை. அதைப் பயன்படுத்துவோர் முகத்தைச் சொட்டச் சொட்ட நனைத்து, நுரையைத் தடவியபின் ஈரக் கையால் மீண்டும் ஒருமுறை தேய்த்துக்கொண்டால் வேறுபாட்டை உடனே உணரலாம்.

முதலில் முடி நனைய வேண்டும்

உலர்ந்த தாடிமுடி முரடானது. நீரில் ஊறினால் அதன் தடிமன் ஏறத்தாழ 15 விழுக்காடு பெருகி, வெட்டுவதற்கு மென்மையாகிறது. முடி எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆயினும் முடியை வெட்டும்போது பிளேடின் விளிம்பில் நுண்ணிய சில்லுகள் பெயர்வதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் 'சயின்ஸ்' இதழில் விளக்கினர். மென்மையான முடியும் எஃகைப் பழுதாக்கும் என்றால், அதை நனைக்காமல் வெட்டுவது பிளேடுக்கும் நல்லதன்று.

முடி நனைவதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் தேவை. தோலின் எண்ணெய்ப் பசை நீரைத் தடுப்பதால், முதலில் முகத்தை வெதுவெதுப்பான நீரால் சோப்பிட்டுக் கழுவுவது நல்லது. குளித்து முடித்தவுடன் சவரம் செய்வது இன்னும் எளிது.

மரத்தடியில் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் வைத்துத் தொழில் நடத்தும் நாவிதர்களை நாட்டின் எந்த மாநிலத்திலும் காணலாம். அவர்கள் பிரஷ்ஷால் கன்னத்தை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊர்க்கதை பேசுவதற்காக நேரத்தைக் கடத்துவதுபோல் அது தோன்றும். உண்மையில் அந்த நேரத்தில்தான் முடி ஊறுகிறது, நுரை பதம் பெறுகிறது. வீட்டில் நாம் முதலில் தவறவிடுவது இந்த நிதானத்தையே.

படிப்படியாக நுரை எழுப்புதல்

பிரஷ்ஷிலிருந்து தொடங்குவோம். சந்தையில் பன்றிமுடி, பேட்ஜர் என்னும் விலங்கின் முடி, செயற்கை இழை ஆகிய மூன்று வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. பன்றிமுடி பிரஷ்ஷை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊற வைக்க வேண்டும். செயற்கை இழைக்கு ஊற வைக்கத் தேவையில்லை, நனைத்தால் போதும். விரைவில் உலர்வதாலும் விலை குறைவாகக் கிடைப்பதாலும் புதிதாகத் தொடங்குவோருக்கு இவ்வகை ஏற்றது.

கட்டி சோப்பாக இருந்தால், அதன்மீது ஒரு தேக்கரண்டி வெந்நீர் ஊற்றி இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். மேற்பரப்பு இளகும். பின்பு அந்த நீரை வடித்துவிடலாம்.

பிரஷ்ஷை நீரிலிருந்து எடுத்து இரண்டு முறை உதறுங்கள். நீர் சொட்டக் கூடாது; முற்றிலும் உலர்ந்தும் இருக்கக் கூடாது. சோப்பின்மீது மென்மையாக வட்டமிட்டு 20 முதல் 30 நொடிகள் தேயுங்கள். இந்தக் கட்டத்தில் நுரையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. வெண்ணெய் போன்ற கெட்டிப் பசை இழைகளில் நிறைந்தால் போதும். கிரீம் பயன்படுத்துவோர் ஒரு பாதாம் பருப்பளவு எடுத்துக்கொண்டால் போதுமானது.

இனி, அகன்ற கிண்ணத்திலோ நேராக முகத்திலோ நுரையை எழுப்பலாம். முகத்திலேயே எழுப்பினால் முடி மேலும் ஊறும். பிரஷ்ஷின் நுனியை நீரில் தொட்டு, சில துளிகள் மட்டும் சேர்த்து, பத்துப் பதினைந்து சுற்றுகள் தேயுங்கள். மீண்டும் சில துளிகள்; மீண்டும் சுற்றுகள். நீரை ஒரே முறையில் ஊற்றினால் குமிழிகள் பெரிதாகி நுரை ஒழுகத் தொடங்கும். சோப்பு நீரை ஏற்றுக்கொள்ள அவகாசம் வேண்டும். சிறிது சிறிதாகச் சேர்த்தால் நாம் எண்ணியதைவிட அதிக நீரை அது ஏற்றுக்கொள்ளும்.

இவ்வாறு சேர்க்கும்போது நுரை மூன்று நிலைகளைக் கடக்கிறது. முதல் நிலையில் அது மங்கலான பசையாக இருக்கும். இரண்டாம் நிலையில் உப்பிப் பெருகி, கூர்மையான முகடுகளுடன் விறைத்து நிற்கும். பார்வைக்கு மிக அழகான நிலை இதுவே. பெரும்பாலோர் நிறுத்திவிடும் இடமும் இதுவே. இன்னும் சில துளிகள் சேர்த்துத் தேய்த்தால் முகடுகள் தலை சாய்கின்றன. நுரை சற்று அடங்குகிறது. மேற்பரப்பில் ஈரமான பளபளப்பு தோன்றுகிறது. இது மூன்றாம் நிலை. நாம் வேண்டுவது இதைத்தான்.

பதம் அறிவது எப்படி?

பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம் பார்ப்பதுபோல் நுரைக்கும் பதம் பார்க்கலாம். இதற்கு மூன்று எளிய சோதனைகள் உள்ளன.

முதலாவது கண்ணால் பார்ப்பது. நன்கு கடைந்த தயிர்போல் மினுங்க வேண்டும்; கண்ணுக்குத் தெரியும் தனிக் குமிழிகள் இருக்கக் கூடாது. பஞ்சுபோல் மங்கலாக இருந்தால் நீர் போதவில்லை.

இரண்டாவது விரலால் அறிவது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே சிறிது நுரையை வைத்து அழுத்தித் தேயுங்கள். காற்று வெளியேறிய பின்னும் விரல்கள் எண்ணெய் தடவியவைபோல் வழுக்க வேண்டும். பிசுபிசுத்தால் நீர் சேர்க்கவும்; வெறும் நீர்போல் வழிந்தோடினால் சோப்பு சேர்க்கவும்.

மூன்றாவதே முடிவான சோதனை. ரேசர் ஒருமுறை கடந்து சென்ற இடத்தை ஈர விரலால் தொட்டுப் பாருங்கள். நுரை போனபின்பும் அங்கே வழுவழுப்பு எஞ்சியிருந்தால் பதம் சரி. தோல் உலர்ந்து, விரல் தடைபட்டால் அடுத்த முறை கூடுதலாக நீர் தேவை.

தண்ணீரின் பங்கு

ஒரே சோப்பு ஓர் ஊரில் பொங்கி வழிவதும் மற்றோர் ஊரில் நுரைக்க மறுப்பதும் உண்டு. பணி மாற்றலாகிச் செல்வோர் இதை நன்கு அறிவர். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத படிவாகப் பிரிந்துவிடுகின்றன. வாளியின் ஓரத்தில் படியும் சாம்பல் நிற ஆடை அதுவே. நுரைக்க வேண்டிய சோப்பின் ஒரு பகுதி இவ்வாறு வீணாகிறது. முகத்திலும் அப்படிவு ஒட்டிக்கொண்டு தோலை வறண்டதுபோல் உணரச் செய்கிறது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், நீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடங்களில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. ஆக, குடிக்கத் தகுந்த நீர்களுக்குள்ளேயே நுரைக்கும் திறனில் பெரும் வேறுபாடு இருக்கக்கூடும்.

இதற்கு வழிகள் எளியவை. சவரத்துக்குத் தேவைப்படுவது ஒரு கிண்ணம் நீர்தான். சேமித்த மழைநீரோ, ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்த நீரோ அக்கிண்ணத்துக்குப் போதும். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். உப்புகள் செறிந்திருக்கும் அந்நீர் நிலைமையை மோசமாக்கும். நீரைக் கொதிக்க வைத்துத் தெளிய விட்டால் கடினத்தன்மையின் ஒரு பகுதி, அதாவது பைகார்பனேட்டுகளால் வந்த தற்காலிகக் கடினம், பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும். இவை எதுவும் இயலாவிட்டால் சோப்பின்மீது பிரஷ்ஷைத் தேய்க்கும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

பிளேடின் பக்கம்

கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1904இல் காப்புரிமை பெற்ற, மாற்றத்தக்க மெல்லிய பிளேடு கொண்ட ரேசர், சவரத்தை வீட்டு வேலையாக மாற்றியது. அவர் தொடங்கிய நிறுவனமே 1971இல் இரட்டை பிளேடு, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து எனப் பிளேடுகளைப் பெருக்கியது. ஒரே இழுப்பில் ஐந்து விளிம்புகள் தோலைக் கடக்கின்றன என்றால், வழுவழுப்பின் தேவையும் கூடுகிறது. இத்தகைய ரேசர்களின் தலையில் நீர் பட்டதும் வழுக்கும் ஒரு பட்டையைத் தயாரிப்பாளர்களே ஒட்டித் தருகின்றனர்.

எந்த ரேசராயினும் விதி ஒன்றே. அழுத்தாதீர்கள். முடி வளரும் திசையிலேயே முதல் முறை மழியுங்கள். கழுத்தில் அத்திசை இடத்துக்கு இடம் மாறும். விரலால் தடவி முன்னரே அறிந்துகொள்ளுங்கள். பழைய வகை ரேசரைத் தோலுக்கு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் பிடித்துச் சிறு சிறு இழுப்புகளாக நகர்த்துங்கள். இன்னும் வழவழப்பாக வேண்டுமெனில், மீண்டும் நுரை தடவியபின் குறுக்குவாட்டில் மழியுங்கள். நுரையில்லாத இடத்தில் ரேசரை மறுபடி ஓட்டுவதே பெரும்பாலான எரிச்சலுக்குக் காரணம்.

முடிவில் குளிர்ந்த நீரால் கழுவி, ஈரமான படிகாரக் கட்டியை ஒருமுறை தடவலாம். சிறு கீறல்களில் கசியும் இரத்தத்தை அது நிறுத்தும். எங்கே அதிகம் எரிகிறதோ அங்கே கை அழுந்தியிருக்கிறது என்பதையும் அது காட்டிக்கொடுக்கும்.

தூய்மை தனிக் கவனத்துக்கு உரியது. ரேசரையோ பிளேடையோ குடும்பத்துக்குள்ளும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. மஞ்சட்காமாலை வகைகளுள் பி, சி ஆகியவற்றின் கிருமிகள் இரத்தத்தின் வழியே பரவக்கூடியவை. சலூனில் புதிய பிளேடை நம் கண்முன் பிரிக்கச் சொல்வது நம் உரிமை. பிரஷ்ஷும் கழுவி, உதறி, காற்றோட்டமான இடத்தில் உலர வேண்டியது. முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகத் தூய்மை செய்யப்படாத குதிரைமுடி பிரஷ்களால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆந்த்ராக்ஸ் நோய் பரவி உயிரிழப்புகள் நேர்ந்தன. இன்று விற்பனைக்கு வருபவை தூய்மை செய்யப்பட்டவை. எனினும் ஈரத்துடன் மூடிய பெட்டியில் பூட்டி வைக்கும் பழக்கம் வேண்டாம்.

முதியவருக்குச் சவரம் செய்யும்போது

படுக்கையில் இருக்கும் தந்தைக்கோ மாமனாருக்கோ முகம் மழித்துவிடும் பொறுப்பு பல குடும்பங்களில் மகன்மீதும் மகள்மீதும் விழுகிறது. மேற்சொன்ன யாவும் இரட்டிப்பாகப் பொருந்தும் இடம் இது. முதுமையில் தோல் மெலிந்து தளர்கிறது, கன்னம் உட்குழிகிறது, வலித்தாலும் சிலரால் சொல்ல இயலாது.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இரண்டு நிமிடம் முகத்தில் வையுங்கள். சூட்டை முதலில் உங்கள் முன்கையில் சோதித்துக்கொள்ளுங்கள். நுரையை வழக்கத்தைவிட ஈரமாக எழுப்பி, மூக்கிலும் வாயிலும் ஒழுகாமல் தடவுங்கள். இடக்கை விரல்களால் தோலை மென்மையாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி வளரும் திசையில் ஒருமுறை மட்டும் மழியுங்கள். முழுமையாக வழவழப்பாக வேண்டும் என்ற ஆவல் இங்கே தேவையில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் என்றால் பிளேடைத் தவிர்த்து மின்சார ரேசரைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். பல நாள் நோயில் கிடந்தவர், மழித்த தம் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ளும்போது அவர் முகத்தில் தோன்றும் நிறைவு அந்த அரைமணி நேர உழைப்புக்குத் தகும்.

ஒரு சிறு கணக்கு

ஒருமுறை சவரத்துக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் சோப்பு செலவாகும். 100 கிராம் கட்டி நாள்தோறும் பயன்படுத்தினாலும் ஏறத்தாழ மூன்று மாதம் வரும். இனி, எடுத்துக்காட்டாகச் சில விலைகளைக் கொள்வோம். 5 ரூபாய் பிளேடு ஐந்து முறை உழைத்தால், ஒருமுறைக்கு 1 ரூபாய். 200 ரூபாய் விலையுள்ள பல பிளேடு தலை பத்து முறை உழைத்தால், ஒருமுறைக்கு 20 ரூபாய். ஆண்டுக்கு 300 முறை எனில் முன்னதற்கு 300 ரூபாய். பின்னதற்கு 6,000 ரூபாய். உங்கள் கடை விலையை இட்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ரேசரும் பிரஷ்ஷும் வாங்கும் தொடக்கச் செலவை முதலாண்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நன்கு பேணினால் அவை பல ஆண்டுகள் வரும்.

இப்போதுள்ள ரேசரே கைக்குப் பழகியிருந்தால் அதை மாற்ற வேண்டிய கட்டாயமில்லை. நல்ல நுரை எந்தப் பிளேடுக்கும் உதவும். எரிச்சலுக்குத் தீர்வாகப் புதிய ரேசரைத் தேடும் முன், நுரையில் சில துளிகள் நீர் சேர்த்து ஒரு வாரம் பார்த்துவிடலாம். அதற்குச் செலவில்லை.

நினைவில் கொள்ள

நுரை பெரிய குமிழிகளுடன் ஒழுகினால்: சோப்பு குறைவு. பிரஷ்ஷை மீண்டும் சோப்பில் தேய்க்கவும்.

நுரை பஞ்சுபோல் நின்றும் பிளேடு இழுத்தால்: நீர் குறைவு. சில துளிகளாகச் சேர்க்கவும்.

மழிக்கும்போதே முகத்தில் நுரை உலர்ந்தால்: முகம் போதிய அளவு நனையவில்லை. ஈரப் பிரஷ்ஷால் மீண்டும் தடவவும்.

எவ்வளவு தேய்த்தும் நுரைக்காவிட்டால்: கடின நீர். கிண்ண நீரை மாற்றிப் பார்க்கவும்.

நுரை நன்றாக இருந்தும் எரிந்தால்: கை அழுந்துகிறது, அல்லது பிளேடு மழுங்கிவிட்டது.

பயன்படுத்திய பிளேடு: தடித்த தாளில் சுற்றி, அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து, பின்பு அகற்றவும். குப்பையைக் கையால் பிரிப்பவரின் விரல்களும் காக்கப்பட வேண்டியவை.